ஆலயப் படியில் படுத்திருப்பவர்

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு மதுரை இரவு வருகிறது. ஊரார் அடித்து விரட்டிய ஆபுத்திரன் கையில் ஒரு திருவோட்டோடு தென்மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்குகிறான். பகலெல்லாம் வீடு வீடாகப் பிச்சை எடுக்கிறான். கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் இழந்தவர், நோயாளி, யாருமற்றவர் என எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டு, மிச்சத்தைத் தான் உண்கிறான். இரவில் அந்த ஓட்டையே தலைக்கு வைத்து அங்கேயே படுக்கிறான். ஒரு மழைக்கால நள்ளிரவில், பசியோடு அம்பலத்துக்கு வந்து அவனை எழுப்பியவர்களுக்குக் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லாமல் போனபோதுதான் சிந்தாதேவி அமுதசுரபியை அவன் கையில் தருகிறாள்.

வழிபாட்டு இடத்தின் முன்மண்டபம் வீடற்றவரின் வீடு என்ற வழக்கம் இந்த ஊருக்கு அவ்வளவு பழையது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் நிற்கும் மங்கம்மாள் சத்திரம் அதே மரபின் கொடி. 1606இல் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். 1834இல் அமெரிக்க மதுரை மிஷன் இங்கே கால் ஊன்றியது. அவர்கள் வழிவந்த ஆலயங்களும் இந்த மரபுக்குள்தான் வந்து சேர்ந்தன. ஆகவே கீழவெளி வீதி மரியன்னை பேராலயமானாலும், தென்னிந்தியத் திருச்சபையின் ஓர் ஆலயமானாலும், திருமங்கலம், மேலூர் பக்கத்துச் சிற்றாலயமானாலும், இரவு ஒன்பதரை மணிக்குக் கேட்டைப் பூட்டப் போகும் கோயில்பிள்ளை முன்னால் ஒரே காட்சிதான் இருக்கும். படியில் ஒருவர் பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்துப் படுத்திருப்பார். தலைமாட்டில் ஒரு மஞ்சப்பை. பக்கத்தில் தண்ணீர் பாட்டில்.

அவரை என்ன செய்வது? இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்விக்கானது.

முதலில், அவர் யார்?

'பிச்சைக்காரர்கள்' என்று ஒரே சொல்லில் அடைப்பதுதான் ஆலயங்கள் செய்யும் முதல் தவறு. வீடற்றவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலை பார்த்தவர்கள், பலர் இன்றும் பார்க்கிறவர்கள். மாட்டுத்தாவணி சந்தையில் மூட்டை தூக்குகிறவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர், பழைய பேப்பர் பொறுக்குகிறவர் என்று அவர்கள் பலவகை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 17.7 லட்சம் பேரை வீடற்றவர்கள் என்று எண்ணியது. ஓர் இரவில் கண்ணில் பட்டவர்களை மட்டும் எண்ணிய கணக்கு அது.

மதுரைக்கென்று சில தனி வழிகள் உண்டு. தென்மாவட்டங்கள் பலவற்றுக்கும் பெரியாஸ்பத்திரி அரசு ராஜாஜி மருத்துவமனைதான். நோயாளிக்குத் துணையாக வந்து, நோயாளி இறந்தபின் ஊர் திரும்ப மனமோ காசோ இல்லாமல் தங்கிவிட்டவர்கள் உண்டு. சிகிச்சைக்கு என்று அழைத்துவந்து பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன முதியவர்களும் உண்டு. வறண்ட பக்கத்து மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்து, குடியில் விழுந்து, வீட்டோடு தொடர்பு அறுந்தவர்கள் ஒரு கூட்டம். வழி தவறி ரயிலேறி வந்து ஜங்ஷனில் இறங்கிய வடமாநில மனநோயாளிகள் இன்னொரு கூட்டம். கணவனின் அடியிலிருந்து தப்பி ஓடிவந்த பெண்ணும் இந்தப் படியில்தான் வந்து உட்காருவாள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒருவருக்குத் தேவை ஊருக்குப் போக ஒரு பஸ் டிக்கெட்டாக இருக்கும், இன்னொருவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரையாக இருக்கும்.

2020 ஊரடங்கின்போது மதுரையில் ஒரு முதியவர் செய்ததை ஆலயக் கமிட்டிகள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஊர் ஊராகப் பிச்சை எடுத்துப் பிழைத்த அவர், மே மாதத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், சேர்த்துவைத்த 10,000 ரூபாயை முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்தார். பிறகும் பலமுறை அப்படியே கொடுத்தார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் மாவட்ட நிர்வாகம் அவருக்கு விருது வழங்கியது. வாங்குகிறவர் என்று நாம் முடிவுகட்டி வைத்திருப்பவருக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது.

சோறு கிடைக்கிற ஊர்

மதுரையில் வீடற்றவர் பட்டினியால் சாவது அரிது. இந்த ஊரில் சோறு ஏதோ ஒரு வாசலில் கிடைத்துவிடும். கோயில்களில் அன்னதானம் உண்டு, தர்காக்களில் கந்தூரி உண்டு, அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி உண்டு. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவிலில் நேர்ச்சை உணவு, ஆலயத் திருநாட்களில் அசனம், பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் பைக்கில் கொண்டுவரும் பொட்டலம் என்று வரிசை நீளும். சில நாட்களில் ஒரே ஆளிடம் மூன்று பொட்டலம் சேர்ந்து, இரண்டு கெட்டுப்போகும்.

கிடைக்காதவை வேறு. கழிப்பறை கிடைப்பதில்லை. குளிக்க இடம் கிடைப்பதில்லை. பையை நம்பி வைத்துவிட்டுப் போக இடமில்லை. பயமில்லாமல் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க முடிவதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் இல்லை. ஆதார் எழுத முகவரி இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர்கூட இல்லை.

மதுரை ஆலயம் ஒன்று வீடற்றவருக்கு உண்மையில் உதவ நினைத்தால், இன்னொரு சோற்றுப் பொட்டலத்தைக் கூட்டுவதைவிட இந்தப் பட்டியலில் ஒன்றைக் கையில் எடுப்பதே மேல்.

இதை ஊரில் பலருக்கு முன்பே கண்டுகொண்டவர் நாராயணன் கிருஷ்ணன். பெங்களூரு தாஜ் ஓட்டலில் சமையல் கலைஞராக இருந்தவர், 2002இல் மதுரைக்கு வந்தபோது ஒரு முதியவர் பசியில் தன் கழிவையே தின்பதைப் பார்த்தார். வேலையை விட்டார். 2003இல் அட்சய அறக்கட்டளையைத் தொடங்கித் தெருவோர மனநோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். 2010இல் சிஎன்என் தொலைக்காட்சி அவரைத் தன் பத்து நாயகர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் வண்டியில் சோற்று வாளியோடு சீப்பும் கத்தரிக்கோலும் சவரக் கத்தியும் இருந்தன. அதற்காகவே முடிவெட்டவும் கற்றுக்கொண்டார். பல மாதம் யாரும் தொடாத தலையை ஒருவர் உட்காரவைத்துத் தொட்டு முடிவெட்டுவது வயிறு நிறைவதற்குச் சமமான காரியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் இரவு

படியில் புதிதாக ஒருவர் படுத்திருக்கிறார். வாட்ச்மேன் கம்பைத் தட்டி எழுப்பக் கூடாது. தூங்குகிறவரைக் காலால் தொடவோ, தண்ணீர் தெளிக்கவோ கூடாது. இரண்டு அடி தள்ளி, அவர் பார்வை படுகிற பக்கமாகக் குந்தி உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றே கேள்விகள் போதும். "என்னண்ணே, சாப்ட்டீகளா? உடம்புக்கு ஏதும் முடியலையா? எந்தூருண்ணே?" வயதான பெண் என்றால் 'அம்மா', 'அப்பத்தா' என்று தொடங்கலாம். 'ஏய்', 'யோவ்' என்று தொடங்கிய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அந்த இரவிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. மூச்சு இரைப்பு, நினைவு தடுமாற்றம், புழு வைத்த புண், ஒரு பக்கம் வாய் கோணியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர் இரண்டு நாளாகக் குடிக்கவில்லை என்றால், கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வது, வலிப்பு ஆகியவை வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. 'குடியை விட்டுட்டேன்னு சொன்னாரு, நல்லதுதானே' என்று அறையில் படுக்கவைத்து ஜெபம் மட்டும் செய்வது ஆளைக் கொல்லும். குடியை நிறுத்துவது மருத்துவர் கண்பார்வையில் நடக்க வேண்டும்.

தனியாக வந்திருப்பவர் பெண் என்றால், ஆண்கள் மட்டும் பேசக் கூடாது. பெண்கள் ஐக்கியத்திலிருந்தோ மரியாயின் சேனையிலிருந்தோ ஒருவரைக் கூப்பிட வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண் இரவிலும் இயங்குகிறது. குழந்தை என்றால் 1098. முதியவர் என்றால் 14567. இந்த எண்களைக் கோயில்பிள்ளை அறைக் கதவின் உட்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைப்பது ஆலயம் செய்யக்கூடிய முதல் செலவில்லா வேலை.

ஒரு நாற்பது பக்க நோட்டு

அடுத்த வேலைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கும். 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசனாம் என்ற இளைஞரும் அவர் நண்பர்களும் தொடங்கிய இந்தச் சபையின் அடிப்படைப் பழக்கமே ஏழையை வீடு தேடிப்போய்ச் சந்திப்பதுதான். வீடில்லாதவரை அவர் இருக்கும் படியிலேயே சந்திக்கலாம். அன்பியங்கள் உள்ள பங்குகளில் வாரம் ஓர் அன்பியம் என்று முறை வைக்கலாம். தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் வாலிபர் சங்கம் இதை எடுத்துச் செய்யலாம்.

நோட்டில் எழுத வேண்டியது பெயர், ஊர், பேசும் மொழி, உடம்புக்கு என்ன, ஆதார் அல்லது ரேஷன் கார்டு எண், கடைசியாக யாரோடு பேசினார், அவருக்கு என்ன வேண்டும் என்பவை. கடைசிக் கேள்வி முக்கியம். பல நேரம் பதில் எதிர்பாராததாக இருக்கும். கண்ணாடி உடைந்துவிட்டது என்பார். செருப்பு வேண்டும் என்பார். மகளுக்கு ஒரு போன் போட வேண்டும், ஆனால் நம்பரில் ஒரு எண் மறந்துபோச்சு என்பார்.

அந்த மஞ்சப்பையைத் திறந்து காட்ட ஒருவர் சம்மதித்தால் அதுவே பாதி வெற்றி. உள்ளே மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு ஓபி சீட்டு, மூன்று வருடம் பழைய மாத்திரை அட்டை, பிளாஸ்டிக் உறையில் ஒரு குடும்பப் போட்டோ, சில நேரம் வேறு மாவட்டத்து ரேஷன் கார்டின் ஜெராக்ஸ் இருக்கும். ஓபி சீட்டில் எந்த வார்டு, எந்த வியாதி என்று இருக்கும். ஜெராக்ஸில் ஊர் இருக்கும். அந்த ஊர்த் தலைவருக்கோ, அங்குள்ள பங்குத்தந்தைக்கோ, போதகருக்கோ ஒரு போன் போட்டால் போதும், பல வருட இடைவெளி ஒரே மாலையில் அடைபடலாம். தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் திருச்சபைகளுக்கு இருக்கும் இந்தத் தொடர்பு வலை வேறு எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் எளிதில் வாய்க்காது.

ஒன்று கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் வீடு திரும்புவது நல்லதல்ல. அடித்த கணவனிடம் மனைவியையோ, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திய மகனிடம் தகப்பனையோ அவர்கள் விருப்பத்தைக் கேட்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. முதியவரைக் கைவிடுவது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். மனு எழுதிக்கொடுக்க சபையில் ஒரு வக்கீல் இருப்பார்.

கழிப்பறைச் சாவி யாரிடம்?

பெரும்பாலான நகர ஆலயங்களில் கழிப்பறை இருக்கிறது. ஞாயிறு காலை நான்கு மணி நேரம் திறந்திருக்கும். மற்ற ஆறு நாளும் பூட்டு.

காலை ஐந்தரை முதல் ஏழரை வரை அதைத் திறந்துவைப்பது ஒரு வீடற்றவரின் நாளையே மாற்றிவிடும். ஒரு வாளி, ஒரு குவளை, சிறு சோப்பு, கண்ணாடித் துண்டு இருந்தால் போதும். பெண்களுக்குத் தனி நேரமும் தாழ்ப்பாள் உள்ள கதவும் நாப்கினும் வேண்டும். சுத்தம் செய்கிறவருக்கு அதற்கான கூடுதல் கூலியைக் கமிட்டி ஒதுக்க வேண்டும். இலவச வேலை வாங்கித் தர்மம் செய்யக் கூடாது. அங்கே குளிக்கிறவர்களில் இருவரையே அந்தக் கூலி வேலைக்கு அமர்த்துவது இன்னும் நல்லது.

பையை வைக்க ஐந்தாறு பூட்டுப் பெட்டி கொடுத்தால் வேலைக்குப் போக முடியும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவரை எந்த மேஸ்திரியும் வேலைக்கு எடுப்பதில்லை. போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் அழைப்பு வரும்போது எடுக்க முடியும். மாதம் ஒரு சனிக்கிழமை முடிவெட்டு, நகம் வெட்டு, துணி மாற்று என்று வைக்கலாம். சொறி சிரங்கு இருந்தால் ஒருவருக்கு மட்டும் மருந்து தடவினால் போகாது. சேர்ந்து படுப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் தடவி, துணியையும் மாற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை. காசநோய் என்று தெரிந்தால் மருந்து முழுக்க இலவசம்.

அசனம் போடும் நாளிலும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். கேட்டுக்கு வெளியே வரிசை நிற்கவைத்துப் பொட்டலம் நீட்டுவதை விட்டு, உள்ளே சபையாரோடு ஒரே பந்தியில் உட்காரவைக்கலாம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, பாடல்களில் 'பரட்டை' என்று அறியப்பட்டவர், 'ஒரே உலை' என்ற கருத்தையே தன் இறையியலின் நடுவில் வைத்தார். சாதி பார்க்காமல் ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதுதான் நற்கருணையின் பொருள் என்று அவர் மாணவர்களுக்குச் சொல்லித்தந்தார். அந்தக் கல்லூரி மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாக வளாகத்தை விட்டு வெளியேறிச் சேரிகளிலும் ஏழைகளிடையிலும் தங்கிப் படிக்கும் ஏற்பாடும் உண்டு. இந்த ஊர் ஆலயங்களுக்கு வழிகாட்ட வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

கமிட்டியில் எழும் கேள்விகள்

'ஒருத்தருக்கு இடம் கொடுத்தா நூறு பேரு வந்துருவாங்க.' எந்தக் கமிட்டியிலும் முதலில் எழும் குரல் இது. அந்தப் பயத்தை அலட்சியம் செய்யாமல் எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவுசெய்வதுதான் பதில். போர்டிகோவில் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேர். இரவு ஒன்பதுக்கு வரலாம், காலை ஆறரைக்கு எழுந்து இடத்தைக் கூட்டிவிட வேண்டும், குடித்துவிட்டுச் சண்டை போடக் கூடாது, பீடி கூடாது. நான்கே விதி, தமிழில் எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். ஒன்பதாவது ஆளை மாநகராட்சித் தங்குமிடத்துக்கு அழைத்துப்போக ஓர் ஆட்டோ ஏற்பாடு இருக்க வேண்டும்.

'வழிபாட்டுக்கு இடைஞ்சல்' என்பது அடுத்த குரல். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் புனித போனிபாஸ் கத்தோலிக்க ஆலயம் 2004 முதல் வார நாட்களின் பகல் வேளையில் ஆலயத்தின் பின்பகுதி இருக்கைகளை வீடற்றவர்கள் படுத்துறங்கத் திறந்துவிட்டது. முன்பகுதியில் திருப்பலி நடக்கும், பின்னால் குறட்டை கேட்கும். பிரான்சிஸ் அசிசியார் ஓநாயோடு சமாதானம் செய்துவைத்த கூபியோ ஊரின் பெயரையே அந்தத் திட்டத்துக்கு வைத்தார்கள். லண்டனின் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தில் 1914இல் பொறுப்பேற்ற போதகர் டிக் ஷெப்பர்ட், போர்முனைக்குப் போகும் சிப்பாய்களும் வீடற்றவர்களும் இரவில் ஒதுங்க ஆலயக் கதவைத் திறந்துவைத்தார். நூறு ஆண்டு கடந்தும் அந்த ஆலயம் வீடற்றோர் பணிக்காக அறியப்படுகிறது.

மூன்றாவது குரல் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றியது. இது நியாயமான கேள்வி. ஞாயிறு பள்ளி நடக்கும் கட்டடமும் படுக்கும் இடமும் வேறாக இருக்க வேண்டும். தொண்டர்கள் எப்போதும் இருவராகவே போக வேண்டும். இந்த விதி வீடற்றவர்களுக்கும் பாதுகாப்பு. இரவில் அவர்களில் பெண்களைத் தொந்தரவு செய்கிறவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவர்களே.

நான்காவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. படியில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. அவர்களை ஜெபத்தில் உட்காரவைத்த பிறகே சாப்பாடு என்ற நிபந்தனை எந்த வடிவிலும் வரக் கூடாது. பசித்தவரின் சம்மதம் சம்மதமே அல்ல. நெற்றியில் திருநீறோடு வருகிறவர் திருநீறோடே குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிப் போகலாம் என்பதை எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவிட வேண்டும். சோற்றுத் தட்டோடு அவரை நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் இதே வகைத் தவறுதான்.

சங்கிலியை மறக்கக் கூடாது

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வரும் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்த ஊரின் நெருப்பு எல்லா மத வழிபாட்டு இடங்களுக்குமான எச்சரிக்கை. தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலம் உட்படப் பல ஆலயங்களுக்கு மனநோயாளிகளை அழைத்துவந்து வாரக்கணக்கில் தங்கவைப்பது இன்றும் உள்ள வழக்கம்.

நம்பிக்கையோடு வருகிறவர்களை விரட்ட வேண்டாம். ஏர்வாடியிலேயே பின்னர் மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் துவா என்னும் வேண்டுதலோடு மருந்தும் என்ற ஏற்பாடு வந்தது. மருத்துவர் தர்காவுக்கே வந்து பார்த்தார், தொழுகையும் நடந்தது, மாத்திரையும் கிடைத்தது. ஆலயங்கள் பின்பற்ற வேண்டிய வழி இதுதான். மதுரையில் இதற்குத் துணைகள் உண்டு. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் ஆலோசனை கேட்கலாம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஆதரவின்றித் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல்துறையின் கடமை என்கிறது. அவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். காவல் நிலையத்துக்குப் போகும் தொண்டர் இந்தச் சட்டத்தின் நூறாவது பிரிவைக் குறித்த ஒரு தாளைக் கையில் எடுத்துப்போனால், 'இதெல்லாம் எங்க வேலையில்ல' என்ற பதில் வராது.

காகிதம் இல்லாதவருக்கு அரசும் இல்லை

முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. காகிதம் இல்லாததால் அது படியில் படுத்திருப்பவருக்கு எட்டுவதில்லை. முன்பு ஆதார் எடுத்துத் தொலைத்தவர் என்றால், ஆதார் மையத்தில் கைரேகை வைத்தே எண்ணைக் கண்டுபிடிக்க முடியும். சொந்தப் பெயரே சொல்ல முடியாத பலரின் ஊர் அந்தக் கைரேகையில்தான் வெளிவந்திருக்கிறது. புதிதாக எடுக்க வேண்டும் என்றால், அங்கீகாரம் பெற்ற தங்குமிடத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் கொடுக்கும் சான்று செல்லும். வாக்காளர் பட்டியலில் சேரவும் வீட்டு முகவரி கட்டாயமில்லை. விண்ணப்பத்தில் சொன்ன இடத்தில் அவர் உண்மையில் படுக்கிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்தால் போதும். ஆலயப் படியும் அந்த இடமாக இருக்கலாம்.

மாநகராட்சியையும் விட்டுவிடக் கூடாது. உச்ச நீதிமன்றம் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2010இல் ஆணையிட்டபடியும், அதன்பின் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படியும், ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆண்டு முழுவதும் இயங்கும் தங்குமிடம் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கணக்கிலேயே குறைந்தது பத்துத் தங்குமிடம் வர வேண்டும். எங்கே எத்தனை இயங்குகிறது, எத்தனை படுக்கை காலி, பெண்களுக்கு எது என்பதை வார்டு அலுவலகத்தில் கேட்டுப் பட்டியல் எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். குறைவு என்றால் மனு கொடுக்க வேண்டும். ஐந்து ஆலயங்கள் ஒரே மனுவில் கையெழுத்திட்டால் கவுன்சிலர் கூப்பிட்டுப் பேசுவார்.

நாமே ஒரு காப்பகம் தொடங்கலாமா?

ஆர்வம் பொங்கும்போது எழும் ஆசை இது. பெரும்பாலான ஆலயங்களுக்குச் சரியான பதில், வேண்டாம். காப்பகம் என்பது உரிமம், மருத்துவர், செவிலியர், பதிவேடு, தீயணைப்புச் சான்று, இருபத்துநான்கு மணி நேர ஆட்கள் என்று விரியும் தனித்தொழில். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் உரிமமின்றி நடந்த ஒரு காப்பகத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோரை அதிகாரிகள் மீட்டார்கள். நல்ல பெயரோடு நடப்பதாக வெளியில் தெரிந்த இடம் அது. மூடிய கதவுக்குள் யார் வந்தார், யார் போனார் என்று பதிவு இல்லாத இடத்தில் கருணை எந்த நாளும் கொடுமையாக மாறலாம்.

படியில் இருப்பவருக்கு ஆலயம் வழித்துணையாக நிற்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, தங்குமிடத்தில் சேர்த்தபின் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது, உதவித்தொகை வந்ததா என்று விசாரிப்பது, இவையெல்லாம் ஆலயத்தால் முடியும். தொண்டு நிறுவனங்கள் ஆள் இல்லாமல் தவிப்பதும் இந்த இடத்தில்தான். சேர்த்துவிட்டு மறந்தவர் மூன்றே மாதத்தில் திரும்பவும் படிக்கு வந்துவிடுவார்.

தொடங்கும் மாதம்

முதல் வாரம் மூன்று இரவு, இருவர் இருவராகப் போய்ப் பேச வேண்டும். எதையும் கொடுக்க வேண்டாம், பெயரைக் கேட்டு எழுதினால் போதும். இரண்டாம் வாரம் கழிப்பறை நேரத்தைக் கமிட்டியில் தீர்மானமாக எழுத வேண்டும். மூன்றாம் வாரம் காவல் நிலையம், பெரியாஸ்பத்திரியின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு, மாநகராட்சித் தங்குமிடம் ஆகிய மூன்று இடங்களிலும் இடத்துக்கொருவரை நேரில் பார்த்துப் பேசி, போன் எண் வாங்கி வர வேண்டும். நான்காம் வாரம் ஒரே ஒருவரின் ஒரே ஒரு காரியத்தை முடித்துக்காட்ட வேண்டும். கண்ணாடியோ, ஆதாரோ, மகளுக்கு ஒரு போனோ. ஐப்பசி அடைமழை வருவதற்கு முன் இந்த மாதத்தை முடித்துவிடுவது நல்லது. மழை இறங்கியதும் வைகைப் பாலத்தடியிலும் மரத்தடியிலும் படுத்தவர்கள் ஒதுங்கத் தேடுவது கூரையுள்ள போர்டிகோக்களைத்தான்.

எவ்வளவு செய்தாலும் சிலர் படியிலேயே இறந்துபோவார்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, சட்டப்படியான விசாரணை முடிந்து, உறவினர் யாரும் வரவில்லை என்றால், உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்யும் பொறுப்பை ஆலயம் ஏற்கலாம். அவர் எந்த மதத்தவர் என்று தெரிந்தால் அந்த முறைப்படி செய்ய வேண்டும். தெரியாவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரம் போதும். அங்கே நடும் பலகையில் 'அநாதை' என்று எழுதாமல், அவர் சொல்லியிருந்த பெயரை எழுத வேண்டும். அந்த நாற்பது பக்க நோட்டில் முதல் இரவே அந்தப் பெயரைக் குறித்து வைத்திருந்தால்தான் அது முடியும். ஆகவே இதைப் படிக்கிற கமிட்டி உறுப்பினர்கள் நாளைக்கே ஒரு நோட்டு வாங்கி, கோயில்பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள்.